வாய் திறக்காத குளம்

ஈச்சமரக் குளத்தில் ஒரு முதலை இருந்தது. அது எப்போதும் பசியோடு இருந்தது.

குளத்தைச் சுற்றி அவ்வளவு மிருகங்கள் இருந்தும் ஒன்றுகூட அதன் வாயில் சிக்கவில்லை. அதற்குக் காரணம் ஒரு சின்னப் பறவை. ஆட்காட்டி என்று பெயர். நீளமான மஞ்சள் கால், மூக்கில் சிவப்புத் தழும்பு. மற்ற மிருகங்கள் தண்ணீர் குடிக்கும்போது ஆட்காட்டி குடிக்காது. கரைப் பாறையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலையின் கண் இரண்டும் தண்ணீருக்கு மேலே குமிழி மாதிரி நகர்ந்தால் போதும். "ஆ…!" என்று கூவும். எல்லாம் கரையேறிவிடும்.

கரையில் சிறுத்தை வந்தால் "ஈ…!" என்று கூவும். எல்லாம் தண்ணீருக்குள் இறங்கிவிடும்.

எந்தப் பயமும் இல்லை என்றால் "ஓ…!" என்று கூவும். எல்லாம் நிம்மதியாகக் குடிக்கும்.

ஏன் அந்த மூன்று கூவல் மட்டும்? ஏன் "முதலை வருது, ஓடுங்க" என்று முழுசாகச் சொல்லவில்லை? அது யாருக்கும் தெரியாது. எப்போதும் அப்படித்தான் என்று எல்லாம் இருந்துவிட்டன. தெரியாமல் இருந்ததுதான் பிற்பாடு வினையாகிப் போயிற்று.

அந்தக் குளத்துக் கரையில் ஒரு காட்டுப்பன்றி குட்டிகளோடு இருந்தது. குட்டிகளுக்கு முதுகெல்லாம் வெள்ளரிக்காய் போல வரிவரியாக இருக்கும். எல்லாவற்றுக்கும் சின்னவன் பெயர் சுண்டான். எங்கே போனாலும் சுண்டான் பின்தங்கிவிடுவான். ஒரு வண்டைப் பார்த்தால் நின்றுவிடுவான். ஒரு தவளையைப் பார்த்தால் அதோடு பேச ஆரம்பித்துவிடுவான். தாய்ப்பன்றி தினமும் கத்த வேண்டியிருக்கும்.

"சுண்டா…! டேய் சுண்டா…! எங்கடா போய்த் தொலைஞ்ச?"

"இதோ வந்துட்டேம்மா!" என்று புதருக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

குட்டிகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு. வாயைப் பிளந்து, நாக்கைக் கீழே போட்டு "ஆ" என்று கத்தும். அப்படியே நாக்கை மேலே தூக்கி, உதட்டைக் காதுவரை இழுத்து "ஈ" என்று கத்தும். உதட்டைக் குவித்து "ஓ" என்று கத்தும். ஒருவன் மூஞ்சியைப் பார்த்து இன்னொருவன் உருண்டு உருண்டு சிரிப்பான்.

ஒருநாள் சுண்டான் நாரையிடம் போனான்.

அது நத்தைகுத்தி நாரை. போன மழைக்கு எங்கிருந்தோ வந்தது. ஒற்றைக்காலில் நிற்கும். கண்ணைப் பாதி மூடியிருக்கும். ஒரு நாளும் கூச்சல் போட்டதில்லை. பேச வேண்டும் என்றால் அலகை டக்டக்கென்று தட்டித்தான் பேசும். பக்கத்தில் நின்றால் புரியும். "அடேயப்பா, எவ்வளவு அடக்கம்! எவ்வளவு அறிவு!" என்று மிருகங்கள் அதையே நாட்டாமை ஆக்கிவிட்டன.

"நாட்டாமை மாமா, நாட்டாமை மாமா! எங்களோட விளையாட வாங்க. ‘ஓ’ சொல்லுங்க!" என்றான் சுண்டான்.

நாரை கழுத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

"‘ஓ’ வேணாம்னா ‘ஆ’ சொல்லுங்க! அது ரொம்ப சுலபம் மாமா. வாயைத் திறந்தா தானா வரும்!"

நாரை அலகைத் திறந்தது. தொண்டையை அசைத்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"அய்யய்யோ! நாட்டாமைக்கு ‘ஆ’ வரல!"

குட்டிகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தன. தண்ணீர் குடிக்க வந்த முயல் சிரித்தது. மரத்தின் மேலிருந்த கருமந்தி கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நாரையின் கழுத்து வெட்கத்தில் சுருங்கிப் போயிற்று. அதற்குப் பிறவியிலேயே தொண்டையில் குரல் இல்லை. அந்த விஷயத்தை அது யாரிடமும் சொன்னதில்லை.

தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கண்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று சாயங்காலம் முதலை நாரையின் காலருகே மெல்ல வந்தது. அது வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே உறுமித்தான் பேசும்; கிட்ட நின்றால் புரியும்.

"என்ன நாட்டாமை, பொடிசுங்க எல்லாம் உங்களைப் பாத்து சிரிக்குது?"

நாரை இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டது.

"எனக்கும் இந்தக் கூச்சல் பிடிக்கல. பகல்ல ஒரு கண்ணு மூட முடியல. நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடங்கிடும். உங்களை மாதிரியே எல்லாரும் வாயைத் திறக்காம பேசட்டுமே! அப்புறம் யார் யாரைப் பாத்து சிரிக்கிறது?"

நாரை ஒரு கண்ணைத் திறந்தது.

"அதோ அந்தக் கோரைத்திட்டுல நத்தை கொட்டிக் கிடக்கு. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன். நீங்க மட்டும் நின்னு சாப்பிடலாம்."

"சத்தம் அடங்கினா நீ என்ன செய்வ?" என்று நாரை தட்டியது.

"நானா? தூங்குவேன்!"

நம்ப வேண்டும் என்று நாரைக்கு ஆசையாக இருந்தது. அதனால் நம்பிவிட்டது.

மறுநாள் காலையில் பாறையடியில் கூட்டம் கூடியது. எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தன. நாரை நடுவில் நின்றது. அதன் பேச்சு முழுக்க அலகுத் தட்டல்தான். நமக்குப் புரிய வேண்டுமே என்று இங்கே முழுசாக எழுதியிருக்கிறது.

"வெயில் காலம். குளம் வத்திக்கிட்டு வருது. நீங்க எல்லாம் வாயைப் பிளந்து பிளந்து பேசுறீங்க. மூச்சு வீணாகுது, தொண்டை காயுது. அப்புறம் தாகம் எடுக்குது, தண்ணி செலவாகுது! போதாததுக்கு வாய்க்குள்ள ஈ வேற போகுது!"

"ஆமா, நேத்துகூட ஒண்ணை முழுங்கிட்டேன்!" என்றது முயல்.

"முயலே, இங்க வா. மந்தி, நீ அது எதிர்ல உக்காரு. வாயைத் திறக்காம ஏதாவது சொல்லு பாப்போம்," என்று தட்டியது நாரை.

முயல் யோசித்தது. உதட்டையும் நாக்கையும் மட்டும் அசைத்து, "த்ண்ண்!" என்றது.

"தண்ணி! தண்ணின்னு சொல்லுது!" என்று துள்ளியது கருமந்தி. பிறகு அதுவும் முயன்றது. "ப்ழ்ம்!"

"பழம்!" என்றது முயல்.

எல்லாம் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. "புரியுதே! நிஜமாவே புரியுதே!"

நாரை கழுத்தை நிமிர்த்தியது. "பாத்தீங்களா? உதடு வேலை செய்யுது. நாக்கு வேலை செய்யுது. பல்லு வேலை செய்யுது. இந்த ‘ஆ’, ‘ஈ’, ‘ஓ’ எல்லாம் என்ன செய்யுது? எதையாவது தொடுதா? எதையாவது தட்டுதா? தொண்டையில கிளம்பி நேரா வெளிய போகுது. வெட்டியா ஊர் சுத்துற பய மாதிரி! இதை வச்சிக்கிட்டு நமக்கு என்ன லாபம்?"

நாரை சொன்னதில் பாதி உண்மை. நீங்களே சொல்லிப் பாருங்கள். "ப்" என்றால் உதடு ஒட்டி நிற்கிறது. "த்" என்றால் நாக்கு பல்லில் முட்டுகிறது. "க்" என்றால் தொண்டைப் பக்கம் அடைக்கிறது. ஆனால் "ஆ" என்றால் எங்கேயும் முட்டவில்லை. நாக்கு ஏறினாலும் இறங்கினாலும், உதடு விரிந்தாலும் குவிந்தாலும், வழி மட்டும் திறந்தே கிடக்கிறது. தொண்டை அதிர, மூச்சு தடையில்லாமல் ஓடி வருகிறது. அது எதையும் தொடாதது உண்மைதான்.

மீதிப் பாதியை யாரும் கேட்கவில்லை.

கேட்டது ஆட்காட்டி ஒன்றுதான். "நாட்டாமை, கிட்ட உக்காந்து பேசினா புரியுது, சரி. நான் பாறை மேல நின்னு ஒரு தடவை சொல்லிப் பாக்கட்டுமா? அக்கரைக்குக் கேக்குதான்னு தெரிஞ்சிடும்."

"ஏன், உன் காவல் வேலை போயிடும்னு பயமா?" என்றது முயல்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அது கூவாட்டி அதுக்கு யார் மதிப்பு குடுப்பா!" என்றது கருமந்தி.

ஆட்காட்டிக்கு மூக்கு இன்னும் சிவந்துபோயிற்று. அது தலையைக் குனிந்துகொண்டது. ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் போதும். அந்தச் சிரிப்பில் அது நடக்காமலே போய்விட்டது.

தாய்ப்பன்றி மட்டும் இழுத்தது. "நாட்டாமை, எங்க சின்னவன் பின்தங்குற பய. நான் கத்திக் கூப்பிட்டாத்தான் வருவான்."

"பக்கத்துல போய்க் கூப்பிடு பன்னியக்கா. நடந்தா உனக்கும் உடம்பு இளைக்கும்!" என்றது கூட்டத்தில் ஒன்று.

மறுபடியும் சிரிப்பு. தாய்ப்பன்றி தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றே உத்தரவு ஆகிவிட்டது. வாயைத் திறந்து சத்தம் விடக் கூடாது. விட்டால் அன்று முழுக்க அந்தக் குடும்பத்துக்கே குளத்தில் தண்ணீர் கிடையாது.

அந்த வெயிலில் அந்தத் தண்டனைக்கு யார் பயப்பட மாட்டார்கள்?

குளத்தங்கரை அமைதியாகிவிட்டது. முதலில் எல்லாவற்றுக்கும் வேடிக்கையாக இருந்தது. "வ்ண்க்க்ம்" என்று ஒன்று சொல்லும். "வ்ண்க்க்ம்" என்று மற்றது சொல்லும். காதோடு காது வைத்துப் பேசிக்கொள்ளும். பெரிய மனிதர்கள் மாதிரி நடந்துகொள்கிறோம் என்று நினைப்பு.

பிறகு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

சிரிக்க முடியவில்லை. கருமந்தி ஒருநாள் வேடிக்கையாக எதையோ செய்தது. எல்லாம் சிரிக்கப் போயின. மூக்கு வழியாக "ஹ்ஹ்ஹ்" என்று காற்றுதான் வந்தது. அது நோய் வந்த மூச்சு போல இருந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

தாய்ப்பன்றி குட்டிகளைத் தூங்க வைக்கப் பார்த்தது. "ர்ர், ர்ர்" என்றது. குட்டிகள் பயந்துபோய் இன்னும் முழித்துக்கொண்டன.

கருமந்தியின் தங்கைக்குக் குட்டி பிறந்தது. பிறந்த குட்டி என்ன செய்யும்? வாயைத் திறந்து வீறிட்டது. அடுத்த நொடி தாய் கையால் அதன் வாயைப் பொத்தியது. சுற்றி நின்றவை எல்லாம் அதைப் பார்த்தன. குட்டியின் முகம் கறுத்துப் போகிற வரைக்கும் அந்தக் கை விலகவில்லை. விலகியதும் குட்டி திணறித் திணறி மூச்சு விட்டது. பார்த்தவற்றுக்கு அது தப்பு என்று தெரிந்தது. ஆனாலும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றால் வாயைத் திறக்க வேண்டுமே!

நாரை கோரைத்திட்டில் நின்று நத்தை தின்றது. யாரும் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அதற்குப் பரம திருப்தி.

முதலை தண்ணீருக்கடியில் அசையாமல் கிடந்தது. பழகட்டும் என்று பொறுத்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் உச்சி வெயில். குளம் பளபளவென்று கண்ணைக் கூச வைத்தது. தாய்ப்பன்றி இக்கரையில் கோரைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தது. குட்டிகள் அக்கரைச் சேற்றில் புரண்டுகொண்டிருந்தன. அவற்றோடு முயலும், கருமந்திக் கூட்டமும், இன்னும் பல மிருகங்களும் கழுத்தை நீட்டித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன. சுண்டான் வழக்கம்போல எல்லாரையும் விட்டு ஒரு எட்டு விலகி, ஆழத்துப் பக்கம் ஒரு தும்பியைத் துரத்திக்கொண்டிருந்தான்.

கோரைத்திட்டை உரசிக்கொண்டு ஒரு கல் நகர்ந்தது. நாரை குனிந்து பார்த்தது. கல் இல்லை. முதலையின் முதுகு!

"எங்க போற?" என்று தட்டியது நாரை. "தூங்குறதுக்குத்தானே அமைதி வேணும்னு சொன்ன?"

"ஆமா. தூங்குறதுக்கு முன்னால சாப்பிட வேணாமா?" என்று உறுமிவிட்டு முதலை போய்விட்டது.

நாரை கழுத்தை அக்கரைப் பக்கம் நீட்டியது. அது அலகைத் தட்டியது. டக்டக்டக்! அக்கரையில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. இன்னும் ஓங்கித் தட்டியது. அலகு விரிசல் விடும்போலத் தட்டியது. அந்தச் சத்தம் கோரைப் புல்லைக்கூடத் தாண்டவில்லை.

பாறையில் ஆட்காட்டியும் பார்த்துவிட்டது. "ம்த்ல்! ம்த்ல்!" என்றது. அலகிலிருந்து கிளம்பிய சத்தம் பாறையிலேயே விழுந்துவிட்டது. மூச்சைக் கட்டி மறுபடியும், "ம்த்ல்!" என்றது. வெறும் எச்சில் தெறித்தது. ஆட்காட்டி அதிர்ந்து போயிற்று. எத்தனை பலமாகச் சொன்னாலும் இந்தச் சத்தத்துக்கு நடக்கவே தெரியாதா? இத்தனை நாளும் சேதியைத் தூக்கிக்கொண்டு போய் அக்கரையில் விட்டது எது?

பறந்து போய்ச் சொல்ல ஆட்காட்டி இறக்கையை அடித்தது. அந்தப் படபடப்பைப் பார்த்துத் தாய்ப்பன்றி நிமிர்ந்தது. அப்போதுதான் அது கண்டது.

சத்தமில்லாமல் தண்ணீர் பிளந்தது. முதலை சுண்டானின் பின்னங்காலைக் கவ்விவிட்டது!

பக்கத்திலேயே முயல் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அண்ணன்மார் புரண்டுகொண்டிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. ஏன்? சுண்டான் கத்தவில்லை!

ஆமாம். கத்தவில்லை. முதலையின் பல் காலில் இறங்கியிருக்கிறது. கண் இரண்டும் வெளியே பிதுங்குகின்றன. ஆனால் வாய் மூடியிருக்கிறது. கத்தினால் அம்மாவுக்கும் அண்ணன்மாருக்கும் தண்ணீர் கிடைக்காது என்று அந்தப் பொடியன் உதட்டை இறுக்கிக் கடித்துக்கொண்டிருக்கிறான்!

தாய்ப்பன்றி அந்த மூடிய வாயைப் பார்த்தது.

"ச்ண்ட்! ச்ண்ட்!" என்றது. அந்தப் பெயர் அதன் மூக்கைத் தாண்டவில்லை. நீந்திப் போக நேரமில்லை. சுண்டானின் இடுப்பு வரைக்கும் தண்ணீருக்குள் போய்விட்டது.

தாய்ப்பன்றி வாயைத் திறந்தது. முதலில் காற்றுதான் வந்தது. தொண்டை எப்படி அதிர வேண்டும் என்பதே மறந்துபோயிருந்தது. அது கால் நான்கையும் மண்ணில் ஊன்றியது. வயிற்றிலிருந்து மூச்சை மேலே தள்ளியது.

"ஆ……!"

குளம் முழுக்க அந்தச் சத்தம் ஓடியது. கோரையைத் தாண்டியது. பாறையில் மோதித் திரும்பியது. அக்கரையில் போய் ஒவ்வொரு காதையும் பிடித்து உலுக்கியது. இத்தனை நாள் கேட்காத சத்தம்! எல்லாம் ஒரே துள்ளலில் கரையேறின. முயல் ஓடியது. மந்திகள் மரத்தில் தாவின. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மேட்டுக்கு ஓடின.

முதலை இதை எதிர்பார்க்கவில்லை. வாயில் இருப்பதோ ஒரு பொடியன். எதிரே ஓடுவதோ அத்தனை கொழுத்த இரை! எத்தனை நாள் காத்திருந்தது! எல்லாம் கைக்கு எட்டும் தூரத்திலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது!

அதற்கு ஒரு யோசனை வந்தது. ‘ஈ’ என்றால் சிறுத்தை. ‘ஈ’ என்று ஒரு குரல் கேட்டால் போதும். கரையில் சிறுத்தை என்று நினைத்து எல்லாம் திரும்பவும் தண்ணீரில் வந்து விழும்! ‘ஈ’ சொல்வதற்கு என்ன பெரிய வித்தை? குட்டிகள்கூடச் சொல்கின்றனவே!

முதலை வாயைத் திறந்தது. மூச்சை இழுத்தது. கூவியது.

"ஆ………!"

முதலையே திடுக்கிட்டுப் போயிற்று. மறுபடியும் முயன்றது. "ஆ……!"

‘ஈ’ வர வேண்டும் என்றால் நாக்கு மேலே எழ வேண்டும். உதடு விரிய வேண்டும். முதலைக்கு இழுக்க உதடு இல்லை. அதன் நாக்கு கீழ்த்தாடையோடு ஒட்டிக் கிடக்கிறது. வாயைப் பிளந்து எவ்வளவு பலமாகக் கூவினாலும் ‘ஆ’தான் வரும். அதுவும் ஒரு நாளும் சொல்லிப் பார்க்கவில்லை!

முதலையின் ‘ஆ’ பன்றியின் ‘ஆ’வைவிடப் பெரிதாக இருந்தது. ஓடிக்கொண்டிருந்தவை இன்னும் வேகமாக ஓடின. நின்று பார்க்கலாம் என்று நினைத்தவையும் ஓடின.

வாய் திறந்ததல்லவா? சுண்டான் சேற்றில் வழுக்கி வெளியே வந்தான். ஒரு காலை இழுத்துக்கொண்டே மேட்டில் ஏறினான். ஏறி நின்றதும் முதல் காரியமாக வாயைத் திறந்தான்.

"அம்மா……!"

அந்தக் குளத்தங்கரையில் அவ்வளவு பலமாக யாரும் அழுததில்லை. யாரும் அவனை அடக்கவும் இல்லை. தாய்ப்பன்றி தண்ணீரில் இறங்கவில்லை. குளத்தைச் சுற்றி ஓடியே வந்து சேர்ந்தது. அவன் காலை நக்கியது. அவன் அழ அழ, "அழுடா, நல்லா அழு, இன்னும் அழு!" என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

மற்றவை எல்லாம் சுற்றி நின்றன.

"நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றது முயல். "கை நீட்டினா தொட்டுடலாம். அவ்வளவு பக்கம். எனக்குத் தெரியவே இல்ல!"

கருமந்தியின் தங்கை தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. குட்டியின் வாயைப் பொத்திய அதே கை.

"இந்த உத்தரவைப் போட்டது யாரு?" என்று கத்தியது கருமந்தி. "அந்த நாட்டாமையைக் கூப்பிடுங்க!"

கூப்பிட வேண்டியிருக்கவில்லை. நாரை தானாகவே பறந்து வந்து கூட்டத்தின் நடுவில் இறங்கியது. அதன் அலகு நுனி தட்டித் தட்டி உடைந்திருந்தது.

"எனக்குக் குரல் கிடையாது," என்று தட்டியது. "பொறந்ததிலேருந்தே கிடையாது. அது அறிவும் இல்ல, அடக்கமும் இல்ல. முதலை தூங்கத்தான் போகுதுன்னு நம்பினேன். அது போறதைப் பாத்ததும் தட்டினேன். எவ்வளவு தட்டினேன் தெரியுமா! யாருக்கும் கேக்கல."

கூட்டத்துக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாள் அது மௌனமாக நின்றதை எல்லாம் ஞானம் என்று நினைத்து, அதன் கையில் தங்கள் தொண்டையைக் கொடுத்திருக்கிறார்கள்!

"விரட்டுங்க இதை!" என்றது கருமந்தி.

"இரு," என்றது தாய்ப்பன்றி. அது நாரையைப் பார்க்காமலே பேசியது. "மாமா, குரல் இல்லாதது உங்க தப்பு இல்ல. எங்க பொடியன் சிரிச்சதும் தப்புதான், அதுக்கு நான் மன்னிப்பு கேட்டுக்கிறேன். ஆனா உங்களுக்கு இல்லைங்கிறதுக்காக எங்களுக்கும் வேணாம்னு சொன்னீங்களே! என் பிள்ளை பல்லுக்கு நடுவுல இருந்துக்கிட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தான். அதை நான் பாத்தேன். எனக்கு அது கண்ணை விட்டுப் போகாது."

நாரை உடைந்த அலகைத் தாழ்த்திக்கொண்டது.

"நாங்களும் ஒண்ணும் கேக்கலியே," என்றது முயல் மெல்ல. பிறகு ஆட்காட்டியின் பக்கம் திரும்பியது. "நீ கேட்ட. பாறையிலேருந்து சொல்லிப் பாக்கலாம்னு கேட்ட. நான்தான் கிண்டல் பண்ணினேன்."

"நான் மறுபடியும் கேட்டிருக்கணும்," என்றது ஆட்காட்டி. "சிரிச்சாங்கன்னு வாயை மூடிட்டேன். உத்தரவுக்கு முன்னாலயே!"

அதற்குப் பிறகு அந்தக் குளத்துக்கு நாட்டாமை என்று யாரும் இல்லை. நாரையை விரட்டவும் இல்லை. அதற்கு நல்ல உயரம். தண்ணீருக்குள் நத்தை நகர்ந்தால்கூடத் தெரியும் கண். ஆட்காட்டிதான் அதைப் பாறைக்குக் கூப்பிட்டது. இப்போது இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. எதையாவது கண்டால் நாரை டக்கென்று தட்டும். அந்தத் தட்டல் ஆட்காட்டியின் காதைத் தாண்டாது. ஆட்காட்டி வாயைத் திறக்கும். அதன் குரல் அக்கரை வரைக்கும் போகும்.

தாய்ப்பன்றி இன்னும் அந்தப் பாறைப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. சுண்டான் நொண்டி நொண்டி எல்லாருக்கும் முன்னால் நடக்கிறான்.

எதையும் தொடாமல், எங்கேயும் முட்டாமல் ஓடி வருகிறதே என்று ‘ஆ’, ‘ஈ’, ‘ஓ’ என்ற உயிரொலியை வெட்டிப் பயல் என்று நினைத்தவர்கள், மற்ற ஒலிகளை எல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு போவது அதுதான் என்பதை ஒரு குழந்தை முதலையின் வாயில் சிக்கிய பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். ஆகவே, வெளியே தெரியாமல் வேலை செய்கிற எதையும், அது இல்லாமல் ஒரு தடவை சோதித்துப் பார்க்கும் முன்னே, வேண்டாம் என்று தள்ளிவிடாதீர்கள்.